குற்றாலத்துக்கு வீட்டோடு போகிறோம்: எந்த அருவி, எதைப் பார்த்து இறங்குவது?

கரிசல்காடு | ஜூலை 6, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆடியில் குற்றாலம் போயே ஆக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நிற்கிறார். ஏழு பேர்: அப்பா (69 வயது, மூன்று வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம்), அம்மா, நான், மனைவி, பையன் (11), பெண் (7), கல்லூரியில் படிக்கும் மச்சான்.

அப்பாவுக்குக் குற்றாலம் என்றால் பேரருவிதான். சின்ன வயதில் சாத்தூரிலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு வந்து, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து, அருவிக்கு நேர் கீழே முக்கால் மணி நேரம் நின்ற கதையை நூறு தடவை கேட்டிருக்கிறோம். மனைவி நேரெதிர். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வெள்ளம் பாய்ந்த அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து, "அருவிப் பேச்சே வேண்டாம், ஊட்டியில் படகில் போவோம்" என்கிறாள். மச்சான் ரீல்ஸ் பார்த்துக் கும்பக்கரை, தேனருவி என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறான்.

மூன்று பேரையும் சமாளிக்க வழி உண்டா? அதைவிட எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். தண்ணீர் எப்போது முறைக்கும் என்று நாமே முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா, இல்லை போலீஸ்காரர் விசிலைத்தான் நம்பியிருக்க வேண்டுமா?

---

சிற்றாறு | ஜூலை 6, இரவு 10.03

அண்ணாச்சி, தென்காசிக்காரன் சொல்கிறேன். சனி, ஞாயிறு வராதீர்கள். செவ்வாய், புதன் வாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

பேரருவியில் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்று ஒரு பெரிய பள்ளம். மேலிருந்து வருவது முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே கொட்டுகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அங்கே மனுஷன் நிற்க முடியாது. பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. தண்ணீர் அருவிக்கு முன்னால் உள்ள ஆர்ச்சை, அதாவது பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். நாங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்பதே "ஆர்ச்சைத் தாண்டிட்டா?" என்றுதான்.

ஐந்தருவி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கூட்டமும் அங்கேதான். பெண் குழந்தைக்கு ஏழு வயது என்றால் புலியருவிதான் தோது. சின்ன அருவி, அடி வாங்காமல் நிற்கலாம். சிற்றருவிக்குச் சீட்டு வாங்க வேண்டும். மழை குறைந்தால் முதலில் மெலிவதும் அதுதான். செண்பகாதேவி, தேனருவி பக்கம் மச்சானை விடாதீர்கள். வனத்துறை தடை இருக்கிறது, தடை இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன்.

---

ஊர்சுற்றி_குமரி | ஜூலை 6, இரவு 10.40

*[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது]*

நெறியாளர் | ஜூலை 6, இரவு 10.58

தேனருவிக்குக் காவல் இல்லாத குறுக்கு வழி சொல்லும் பதிவை நீக்கியிருக்கிறேன். இதற்கு முன்னும் இரண்டு முறை சொல்லியாயிற்று.

---

மதகடி | ஜூலை 7, காலை 6.20

பொதுப்பணித் துறையில் அணைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேள்வி கேட்டவர் கடைசியில் கேட்டதுதான் சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் உள்ள அருவிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி மிகச் சிறியது, மிகச் செங்குத்தானது. காவிரியில் வெள்ளம் வருகிறது என்றால் ஒரு நாள் முன்பே தெரியும். ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் அளவெடுத்து, இத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது, பரிசல் ஓட்டலாமா கூடாதா என்று உட்கார்ந்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு என்ற ஆற்றுக்கு அந்த அவகாசம் கிடையாது. மலையுச்சியில் பெய்வது அடிவாரத்துக்கு வர நிமிடக் கணக்குதான்.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். மேலே 10 சதுர கிலோமீட்டர் காட்டில் 30 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது என்று வையுங்கள். அது 3 லட்சம் கனமீட்டர் தண்ணீர். பாதியை மண்ணும் மரமும் குடித்துவிட்டு, மீதிப் பாதி ஒரே மணி நேரத்தில் இறங்கினால் நொடிக்குச் சுமார் 42 கனமீட்டர், அதாவது 1,470 கனஅடிக்கு மேல். ஒரு பெரிய வாய்க்கால் திறந்துவிட்ட மாதிரி. அதுவும் மெதுவாக ஏறாது, முன்பக்கம் சுவர் மாதிரி வரும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த மழை பெய்யும்போது கீழே நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். நீங்கள் சொன்ன பழைய குற்றால வெள்ளம் 17-5-2024 அன்று வந்தது. சீசன்கூடத் தொடங்கவில்லை, மலையில் பெய்த கோடை மழை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஆக, தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மேற்கே பாருங்கள். உச்சி தெரிகிறதா, கருத்து மூடியிருக்கிறதா?

இரண்டாவது, தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக விழுந்தது செம்மண் நிறமாகிறதா? சருகு, குச்சி, பச்சை இலையோடு முறிந்த கிளை வருகிறதா? பச்சை இலை என்றால் மேலே புதிதாக ஏதோ அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இரைச்சல் திடீரென்று கனத்தாலும் சரி, திடீரென்று குறைந்தாலும் சரி, யோசிக்காமல் மேடேறுங்கள். குறைவது ஏன் ஆபத்து என்று கேட்பீர்கள். மேலே மரமோ மண்சரிவோ அடைத்திருக்கலாம். அடைத்தது உடையும்.

மூன்றாவது, குளிக்கும் முன்பே எந்தப் பக்கம் ஏறுவோம் என்று பார்த்து வைப்பது. கரையோரம் ஓடக் கூடாது, சரிவில் மேலே ஏற வேண்டும். தண்ணீரோடு போட்டி போட்டு ஓடி யாரும் ஜெயிப்பதில்லை.

---

மேகமலைமேகம் | ஜூலை 7, காலை 8.05

அருமை ஐயா. ஆனால் ஒன்று. இப்படி எல்லாம் சொல்லிச் சொல்லியே அதிகாரிகள் எடுத்ததற்கெல்லாம் தடை போடுகிறார்கள். சாரல் விழுந்தால் தடை, மந்திரி வந்தால் தடை. போன வருடம் நான் ஐந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் ஒரு அருவியில் நான்கு மணி நேரம் நின்றேன். தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது, "குளிக்க அனுமதி இல்லை". ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ரிஷிகேஷில் கங்கையிலேயே ராஃப்டிங் விடுகிறார்கள். இங்கே ஒரு அருவியில் நிற்க முடியவில்லை.

---

மதகடி | ஜூலை 7, காலை 8.31

கங்கையிலும் ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங் கிடையாது தம்பி. மழைக்காலம் முழுக்க மூடிவிட்டு, செப்டம்பர் கடைசி வாக்கில்தான் திறக்கிறார்கள். நமக்கு அருவி விழுவதே மழைக்காலத்தில்தான் என்பதால் இரண்டும் ஒன்றாக வந்து தொலைகிறது. காரணம் சொல்லாமல் தடை போடுவது தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு பலகையில் "மேலே இவ்வளவு மழை, அதனால் மூடியிருக்கிறோம்" என்று எழுதி வைத்தால் சண்டையே வராது.

---

பெரியகுளத்தாள் | ஜூலை 7, மதியம் 1.17

கும்பக்கரை பற்றிப் பேச்சு வந்ததால் வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான். அது குற்றாலம் மாதிரி உயரத்திலிருந்து கொட்டும் அருவி இல்லை, பெரும் பாறைகள் மேல் சறுக்கி இறங்குவது. அந்தப் பாறையில் தண்ணீர் குடைந்த குழிகள் இருக்கின்றன. யானைக் கெஜம், குதிரைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். (கெஜம் என்றதும் துணி அளக்கும் கஜம் என்று நினைக்க வேண்டாம். நெல்லைப் பக்கம் ஆழமான மடுவைக் கசம் என்பார்களே, அதன் தங்கச்சிதான் என்பது என் ஊகம்.)

மேலே பார்த்தால் ஒரு பெரிய அண்டா அளவு வட்டம், தெளிந்த தண்ணீர், குதிக்கலாம் போலத் தோன்றும். உள்ளே பாறைக்கு அடியில் பக்கவாட்டில் குடைந்து போயிருக்கும். ஒருவன் உள்ளே போனால் சுழல் அவனைப் பாறைக்கு அடியில் தள்ளும். மேலே வர நினைத்தால் தலையில் பாறை. நீச்சல் தெரிந்தவர்களைத்தான் அது அதிகம் வாங்கியிருக்கிறது. தெரியாதவன் ஓரத்தில் நிற்பான், தெரிந்தவன்தானே குதிப்பான்.

அப்புறம், கும்பக்கரைக்கு வரும் தண்ணீர் கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல், பாம்பார்புரம் மலைகளிலிருந்து வருவது. இங்கே வெயிலில் மாங்காய் காய்ந்துகொண்டிருக்கும், அங்கே மழை கொட்டியிருக்கும். நாங்கள் போகும் முன் கொடைக்கானலில் இருக்கும் சித்தி மகளுக்குப் போன் போட்டு "அங்க மழையா?" என்று கேட்டுவிட்டுத்தான் துண்டு எடுப்போம். எங்களுக்கு வானிலை நிலையம் அவள்தான்.

வனத்துறை குளிக்க விடும் இடத்தில் மட்டும் நின்றால் கும்பக்கரை அழகான இடம். மச்சானிடம் சொல்லுங்கள், கெஜத்துப் பக்கம் காலைக்கூட வைக்கக் கூடாது.

---

நீச்சல்வாத்தியார் | ஜூலை 7, மாலை 4.50

பெரியகுளத்தாள் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. அருவி விழும் இடத்தில் வெள்ளையாக நுரை இருக்கிறதே, அது பாதி காற்று. அதில் உடம்பு மிதக்காது. நீச்சல் குளத்தில் ஆயிரம் மீட்டர் போகிறவனும் நுரைக்குள் கல் மாதிரி இறங்குவான். கை வீச, பிடிக்கத் தண்ணீரே இருக்காது. மணிமுத்தாறு அருவியின் தடாகத்திலும் இதே கதைதான். ஆழம் வேறு அதிகம்.

ஓடும் தண்ணீரில் இன்னொரு கணக்கு. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்பார்கள். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வந்தால் உங்கள் காலில் சுமார் பதினைந்து கிலோ தள்ளும். வேகம் இரட்டிப்பானால் தள்ளுவது நான்கு மடங்கு, அறுபது கிலோ. பாசிப் பாறையில் நின்றுகொண்டு அறுபது கிலோவைத் தாங்க முடியுமா?

இழுத்துக்கொண்டு போனால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால், தண்ணீர் உடம்பை முன்னால் மடக்கி முகத்தை உள்ளே அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால் முன்னால் போகிற மாதிரி, பாதத்தைத் தண்ணீர் மேல் வைத்து, கையால் துழாவிக் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும்.

ஒருவர் விழுந்தால் பின்னாடியே குதிக்காதீர்கள். ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது இப்படித்தான். நான் எங்கே போனாலும் காலி ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை மூடி இறுக்கி, அதன் கைப்பிடியில் பதினைந்து மீட்டர் நைலான் கயிறு கட்டி வண்டியில் வைத்திருப்பேன். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், அப்போதுதான் வீசினால் தூரம் போகும். மொத்தச் செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட ஆகாது.

---

கரிசல்காடு | ஜூலை 7, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கெஜம் பதிவைப் படிக்கச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, பட்டியலிலிருந்து இரண்டு பெயரை அடித்தான்.

அப்பா விவகாரம்: எண்ணெய். "எண்ணெய் தேய்க்காமல் குளிக்க வீட்டுக் குழாய் போதாதா?" என்கிறார். இப்போது தடை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

---

சிற்றாறு | ஜூலை 7, இரவு 9.52

தடை உண்மைதான் அண்ணாச்சி. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு. பெரியவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அந்தக் காலத்தில் ஆயிரம் பேர் குளித்த இடத்தில் இப்போது ஐம்பதாயிரம் பேர். எல்லோரும் எண்ணெயோடு இறங்கினால் கல் எல்லாம் வழவழ என்று ஆகி, அடுத்தவன் இடுப்பு உடையும். அந்தத் தண்ணீர்தான் கீழே குளத்துக்கும் வயலுக்கும் போகிறது.

ஆனால் ஆசையைக் கெடுக்க வேண்டாம். ரூமிலேயே எண்ணெய் தேய்த்து அரை மணி ஊறட்டும். சீயக்காய் போட்டு அங்கேயே அலசிவிட்டு அருவிக்கு வரட்டும். எங்கள் பெரியப்பா அப்படித்தான் செய்கிறார். முதலில் முனகினார், இப்போது பழகிவிட்டது.

---

தாமிரை | ஜூலை 7, இரவு 11.05

ஆண்கள் எல்லோரும் கனஅடிக் கணக்கு பேசிவிட்டீர்கள். இருக்கட்டும், அதுவும் வேண்டும்தான். பெண்கள் பக்கம் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

சேலையோடு அருவியில் நிற்காதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், கல்லில் திரும்பவே முடியாது. கையுள்ள சுடிதார், துப்பட்டா வேண்டாம், முடியை இறுக்கக் கொண்டை. தாலிச் செயினின் கொக்கி தண்ணீர் அடியில் தானாகக் கழன்றுவிடும். என் அத்தை ஐந்தருவியில் மூன்று பவுன் விட்டார், அப்புறம் அருவிப் பேச்சு எடுத்தாலே கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். செயின் போடாமல் வர மனசில்லை என்றால் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கம்மல், கொலுசு, மோதிரம் எல்லாம் ரூமில்.

உடை மாற்றும் அறையில் வரிசை நீளம். உயரமான ஒரு ஆளும் இரண்டு பழைய போர்வையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. யாராவது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள், பக்கத்தில் போலீஸ் நிற்பார்கள். பையைக் கீழே வைக்காதீர்கள். குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

---

மலையகத்தான் | ஜூலை 8, காலை 7.14

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். இந்த இழையை ஆசையாக வாசிக்கிறேன். எங்களுக்குக் கித்துல்கல பக்கத்தில், களனி கங்கையில் ராஃப்டிங் இருக்கு. அங்கே மழையை விட மேலே உள்ள மின் நிலையம்தான் எசமான். அவர்கள் தண்ணீர் திறந்தால் ஆறு ஏறும், மூடினால் கல் தெரியும். படகோட்டிகள் அதைக் கேட்டுத்தான் ஆளை ஏற்றுவார்கள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டிகளை எல்லாம் இழுத்துப் பார்த்து, தோளில் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் திரும்பவும் கட்டச் சொல்லுவார்கள். நீங்கள் பரிசலில் ஏறினாலும் இதைச் செய்து பாருங்கோ.

ஆனால் பேரருவி மாதிரிக் குடும்பமாக வரிசையில் நின்று தலையில் வாங்குகிற குளியல் எங்களிடம் இல்லை. எங்கள் தியலும அருவி 220 மீட்டர் உயரம், பார்க்கத்தான் நல்லது. மேலே குளங்கள் இருக்கு, விளிம்பில் படம் எடுக்கப் போய் வழுக்குகிற ஆட்களும் இருக்கினம்.

---

மேகமலைமேகம் | ஜூலை 8, காலை 9.40

நானும் கோபத்தில் எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம்: அப்படியானால் மின் நிலையத் தண்ணீர் விழும் அகஸ்தியர் அருவி பாதுகாப்பானதா?

மதகடி | ஜூலை 8, காலை 10.02

பாபநாசத்தில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடுவதால்தான் அகஸ்தியர் அருவி கோடையிலும் வற்றுவதில்லை. சாதாரண நாளில் ஒரே சீராக விழும், வயதானவர்களுக்கு நல்லது. கம்பி போட்டிருக்கிறார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் தாமிரபரணி மொத்தமும் சேர்ந்து வரும், அப்போது அணையும் பார்க்காது, ஆளையும் பார்க்காது. ஆனி, ஆடிச் சாரல் வேறு, ஐப்பசி அடைமழை வேறு. சாரல் என்பது செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கேரளத்து மழை நம் பக்கம் சிந்துவது. அடைமழை நேராக இந்தச் சரிவிலேயே மோதிக் கொட்டுவது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் இருக்கிறதே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அருவியின் நடுவில் தலையை நேராகக் கொடுக்க வேண்டாம். 15 மீட்டரிலிருந்து விழும் பொருள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும். தண்ணீர் சிதறிவிடும், அதோடு வரும் கல் சிதறாது. ஓரத்தில், கம்பியைப் பிடித்து, முதுகில் வாங்கட்டும்.

---

கரிசல்காடு | ஜூலை 24, இரவு 8.45

போய் வந்துவிட்டோம். கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய் இறங்கினால் பேரருவி மூடியிருக்கிறது. ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது. கூட்டத்தில் இரண்டு பேர் போலீஸ்காரரிடம் சண்டை. நான் மேற்கே பார்த்தேன். மலை இருக்கும் இடமே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு திரை. தண்ணீரில் டீத்தூள் நிறம். முதல் தடவையாக, ஏன் மூடியிருக்கிறார்கள் என்று எனக்கே புரிந்தது. சண்டை போட்டவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், "உனக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டார்கள்.

அப்பாதான் பாவம். இரண்டு மணி நேரம் எதிரே படிக்கட்டில் உட்கார்ந்து, விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரல் பறந்து வந்து முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. துடைக்கவே இல்லை. "இதுவே பாதிக் குளியல்" என்றார்.

மதியம் புலியருவி. பெண்ணும் பையனும் வெளியே வர மாட்டேன் என்று ஒரே ரகளை. மனைவி முதலில் கரையில் நின்றாள், பிறகு கால் நனைத்தாள், பிறகு நாங்கள்தான் அவளை வெளியே இழுக்க வேண்டியிருந்தது. மச்சான் எண்ணெய் கேனும் கயிறுமாகப் பாறைமேல் காவல். வருகிறவர்கள் எல்லாம் "எண்ணெய் கொண்டு வரக் கூடாது தம்பி" என்று அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். காலி கேன் என்று விளக்கி விளக்கி அவனுக்கு வாய் வலித்துவிட்டது.

நடுவில் ஒன்று நடந்தது. ஏழு வயசுக்காரி என் கையைச் சுரண்டி, "அப்பா, இலை வருது" என்றாள். பார்த்தால் பச்சைக் கொத்து ஒன்று, பின்னாலேயே இன்னொன்று. மதகடி ஐயா சொன்னது மண்டையில் அடித்தது. ஏழு பேரையும் கிளப்பி மேலே ஏற்றினேன். குளித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கால் மணி நேரம் நின்றோம். ஒன்றும் வரவில்லை. மேலே குரங்குக் கூட்டம் ஒன்று மரத்தை உலுக்கி முறித்துப் போட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு ஆள் சத்தமாகவே சிரித்தார். மறுபடி இறங்கிக் குளித்தோம்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குப் பேரருவி. திறந்துவிட்டார்கள், கூட்டம் குறைவு. அப்பா முந்தின ராத்திரியே ரூமில் எண்ணெய், சீயக்காய் எல்லாம் முடித்தாயிற்று. (வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே "காலம் கெட்டுப்போச்சு" என்றது பக்கத்து ரூம் வரை கேட்டிருக்கும்.) ஓரத்தில் கம்பியைப் பிடித்து, முதுகைக் கொடுத்து நின்றார். நான் பின்னால், மச்சான் பக்கத்தில். டாக்டர் ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார். ஆறாவது நிமிடம் தோளைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டார். ஏழாவது நிமிடம் அவராகவே வெளியே வந்தார். உதடு நடுங்குகிறது, கண் சிவந்திருக்கிறது, வாய் கொள்ளாச் சிரிப்பு.

அம்மா மஞ்சள் கயிறோடு வந்தார், தாமிரை அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார். குரங்கு ஜிப்பைத் திறந்தது உண்மை. ஒரு பாக்கெட் மிக்சர் போனது.

---

மதகடி | ஜூலை 24, இரவு 9.20

இலையைப் பார்த்த பிள்ளைக்கு என் சார்பில் ஒரு சாக்லேட். சிரித்தவர் சிரிக்கட்டும்.

தாமிரை | ஜூலை 24, இரவு 9.26

மிக்சரோடு போனதே பெரிது, என் கண்ணாடியையே குரங்கு கொண்டு போயிருக்கிறது.

மேகமலைமேகம் | ஜூலை 24, இரவு 10.11

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் நாங்களும் கிளம்புகிறோம், புதன்கிழமை. அந்த எண்ணெய் கேனுக்கு எத்தனை எம்.எம். கயிறு? அப்புறம், மங்குஸ்தான் வந்துவிட்டதா?

சிற்றாறு | ஜூலை 24, இரவு 10.30

எட்டு எம்.எம். போதும், கையில் அறுக்காது. மங்குஸ்தான் வந்தாயிற்று. அருவிக்கு எதிரே உள்ள கடையில் வாங்காதீர்கள், ஐந்தருவி ரோட்டில் கொஞ்சம் தள்ளி வாருங்கள். அடியில் இருக்கும் பூ இதழை எண்ணி வாங்குங்கள், ஆறு இருந்தால் உள்ளே ஆறு சுளை. தோல் கல் மாதிரி இருந்தால் எடுக்காதீர்கள்.